மாயூரம் வேதநாயகம் பிள்ளை

தமிழில் முதற் புதினத்தை இயற்றியவர் என்னும் பெருமைக்குரியவர் வேதநாயகம் பிள்ளை. இவர் 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மைக்கும் மைந்தராகத் தோன்றினார். தமிழும் ஆங்கிலமும் கற்றுத் தேர்ந்து, திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணிபுரிந்தார். 1857ஆம் ஆண்டில் தரங்கம்பாடி முன்சீப் பதவியை ஏற்றார். பின்னர்ச் சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பணியை ஆற்றினார். மாயூரத்தில் நெடுங்காலம் வாழ்ந்தமையால் அவ்வூர்ப் பெயர் இவர் பெயரோடு இணைந்தது.

நீதிமன்றத்தில் நாள்தோறும் இவர் கண்ட காட்சி இவருள்ளத்தை வருத்திற்று. நிலத்தை இழந்த உழவனும் பொருளை இழந்த கைம்பெண்ணும் தம் வழக்கு எவ்வாறு நடக்கிறது என்பதை அறியாது நின்றனர். சட்டமும் தீர்ப்பும் அவர்கள் அறியாத ஆங்கிலத்தில் இருந்தமையே அதற்குக் காரணம். அக்குறையை நீக்கக் கருதிய வேதநாயகர், 1805 முதல் 1861 வரை வெளிவந்த உயர்மன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862இல் வெளியிட்டார். தமிழ் வழங்கும் நாட்டில் வழக்காடுதலும் தமிழிலேயே நிகழவேண்டும் என்பது இவர்தம் உறுதியான கொள்கை.

பெண்டிர்க்குக் கல்வி வேண்டா என்று பலர் கருதிய காலம் அது. இவரோ அவர்தம் கல்வியை வலியுறுத்திப் பெண்மதி மாலை என்னும் நூலை 1869இல் இயற்றினார். ஆயினும், அறிவுரையை நேரே கூறினால் கேட்பார் சிலரே. கதையாகக் கூறினால் கேட்பார் பலர். பிரான்சு நாட்டு விக்டர் யூகோ, எளியோர் படும் துயரைப் புதினத்தின் வாயிலாக 1862இல் உலகிற்கு உணர்த்தினார். வேதநாயகரும் கதையையே கருவியாகக் கொண்டார். 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தின் தலைவி ஞானாம்பாள், ஆணுடை பூண்டு அரசு வீற்றிருந்து முறைசெய்கிறாள். பெண்ணின் அறிவாற்றலையும், மக்கள் மொழியில் நீதி வழங்கவேண்டிய இன்றியமையாமையையும் நகைச்சுவை ததும்ப அந்நூல் எடுத்துரைக்கிறது.

இவர் எழுத்தளவில் நின்றவர் அல்லர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைக் கொடும்பஞ்சம் வாட்டியபோது, தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்கு உணவளித்தார். அவ்வள்ளன்மையைக் கோபாலகிருட்டிண பாரதியார் இசைப்பாடலால் போற்றினார். கிறித்தவராய்ப் பிறந்த இவர், எல்லாச் சமயத்தாரும் ஒருங்கே பாடத்தக்க கீர்த்தனைகளையும் இயற்றினார்.

1889ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 21ஆம் நாள் வேதநாயகர் மறைந்தார். கற்றவர் தம் கல்வியைக் கல்லாதார்க்கும் பயன்படச் செய்தலே அறம் என்பதனை இவர் வாழ்வு நன்கு விளக்குகின்றது.