பூட்ஸ் போடாமல் அசத்திய கல்கத்தா வீரர்

கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் அணியின் கால்பந்து வீரர் முகமது சலீம். பூட்ஸ் போட்டால் அவருக்கு ஆட்டம் ஓடாது. வெறுங்கால்தான்.

1936-ல் கப்பல் ஏறி ஸ்காட்லாந்து போனார். கிளாஸ்கோ நகரின் பிரபல செல்டிக் கிளப்பில் அவருக்காக உறவினர் சான்ஸ் கேட்டார். வெறுங்காலா என்று திகைத்தார்கள். சலீம் ஆடிக் காட்டினார். அசந்து போனார்கள்.

காலில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு 2 போட்டிகளில் ஆடினார். இரண்டிலும் செல்டிக் அபார வெற்றி. பத்திரிகைகள் சலீமைப் புகழ்ந்து தள்ளின.

கிளப் அவரை விட மனமில்லாமல் தவித்தது. ஆனால் ஊர் ஞாபகம் வாட்டவே, கல்கத்தாவுக்கே திரும்பிவிட்டார்.

வயதான காலத்தில் சலீம் நோயில் விழுந்தார். அவரை ஞாபகம் இருக்கிறதா பார்க்கலாம் என்று, வைத்தியச் செலவுக்கு உதவி கேட்டு மகன் கிளப்புக்குக் கடிதம் போட்டார். 100 பவுனுக்கு டிராப்ட் வந்தது!

மகன் அதை மாற்றவே இல்லை. அப்பாவை மறக்காதவர்களின் அடையாளமாகப் பத்திரப்படுத்தினார். சலீம் 1980-ல் காலமானார்.