காகிதத் துண்டால் அணுகுண்டை அளந்தவர்



மல்டிமீட்டர் இல்லாமல் லேபுக்குள் பத்து நிமிஷம் நம்மால் தள்ள முடியுமா? ஆனால் உலகத்தின் முதல் அணுகுண்டு வெடித்தபோது, கையில் சில காகிதத் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு அதன் சக்தியைக் கணக்குப் போட்டுச் சொன்னார் ஒரு மனிதர். அவர்தான் என்ரிக்கோ ஃபெர்மி.

1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-இல் இத்தாலியின் ரோம் நகரில் பிறந்தார். அப்பா ரயில்வே இலாகாவில் உத்தியோகம், அம்மா பள்ளிக்கூட டீச்சர். அண்ணன் ஜூலியோவும் இவரும் சேர்ந்து சின்னச் சின்ன மின்சார மோட்டார் செய்து விளையாடுவார்கள். 1915-இல் தொண்டையில் சாதாரண ஆபரேஷனுக்குப் போன அண்ணன் உயிரோடு திரும்பவில்லை. துணையை இழந்த சிறுவன் புத்தகத்துக்குள் போய் ஒளிந்துகொண்டான். சந்தையில் வாங்கிய ஒரு பழைய இயற்பியல் நூலை, அது லத்தீன் மொழியில் இருந்தும் விடாமல் படித்து முடித்தான். அப்பாவோடு வேலை பார்த்த அமிதேய் என்ற இன்ஜினியர் கணக்குப் புத்தகங்களை ஒவ்வொன்றாக இரவல் கொடுத்தார். வீட்டிலேயே முதல் ஆளாகப் படிக்க வந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இந்த இடம் ரொம்ப நெருக்கமானது. நமக்கும் யாரோ ஒருத்தர் இரவல் கொடுத்துத்தானே இதுவரை வந்திருக்கிறோம்!

பீசா நகரில் படித்து, 24 வயதிலேயே ரோம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1934-இல் நியூட்ரான்களை மெழுகு வழியாகச் செலுத்தினால் அவற்றின் வேகம் குறைகிறது, அப்படி வேகம் குறைந்த நியூட்ரான்தான் அணுக்கருவுக்குள் சுலபமாகப் புகுகிறது என்று கண்டுபிடித்தார். அதற்காக 1938-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வருஷம் முசோலினி அரசு யூதர்களுக்கு எதிராகச் சட்டம் போட்டது. ஃபெர்மியின் மனைவி லாரா யூதப் பெண். பரிசு வாங்க ஸ்வீடனுக்குப் போன குடும்பம் இத்தாலிக்குத் திரும்பவில்லை. 1939 ஜனவரியில் நியூயார்க்கில் கரை இறங்கியது.

1942 டிசம்பர் 2. சிகாகோவில் ஒரு விளையாட்டு அரங்கின் கேலரிக்கு அடியில் கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கி, உலகின் முதல் அணு உலையை இயக்கிக் காட்டினார் ஃபெர்மி. அன்று கிடைத்த பவர் எவ்வளவு தெரியுமா? அரை வாட்! ஒரு டார்ச் பல்பு எரியக்கூட சரியாகப் பத்தாது. ஆனால் அந்த அரை வாட்டிலிருந்து இரண்டரை வருஷத்தில் மனிதன் எங்கே போய் நின்றான் பாருங்கள்.

1945 ஜூலை 16 விடியற்காலை. நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் குண்டு வெடித்தது. சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி நின்ற ஃபெர்மி, அதிர்வலை வந்து சேர்ந்த நேரத்தில் காகிதத் துண்டுகளைக் கையிலிருந்து விட்டார். அவை சுமார் இரண்டரை மீட்டர் தள்ளிப் போய் விழுந்தன. 10,000 டன் டி.என்.டி.க்குச் சமம் என்றார். பிறகு கருவிகள் சொன்ன கணக்கு 20,000 டன்னுக்கு மேல். காகிதத்தை வைத்து இவ்வளவு பக்கத்தில் வந்ததே அதிசயம்தான்!

எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குண்டு வெடித்தால் ஒரு மின்காந்தத் துடிப்பு கிளம்பும் என்று அவர் முன்கூட்டியே எதிர்பார்த்தார். அதனால் அங்கே கருவிகளின் கேபிள்களுக்கெல்லாம் உறை போட்டு ஷீல்டிங் செய்தார்கள். விஷயம் இதுதான்: வெடிப்பில் வரும் காமாக் கதிர்கள் காற்றில் உள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து எறிகின்றன. அவை பாயும்போது பலமான மின்காந்த அலை பிறக்கிறது. நீளமான ஒயர் எல்லாம் அதற்கு ஆன்டெனா ஆகிவிடும்.

அந்தத் துடிப்பின் முழுப் பலம் அவர் இறந்த பிறகுதான் தெரிந்தது. 1962 ஜூலை 9-இல் பசிபிக் கடலுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா ஒரு குண்டை வெடித்தது. சுமார் 1,450 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த ஹவாயில் சுமார் 300 தெருவிளக்குகள் அணைந்தன. திருட்டு அலாரங்கள் தானாக அலறின. சில செயற்கைக்கோள்களும் கெட்டுப்போயின. அது வால்வு காலம். நம்ம ஐ.சி. சிப் அதைவிட மென்மையானது. ஆஸ்பத்திரி, ரயில், பேங்க் எல்லாமே இன்று அந்தச் சிப்பை நம்பித்தான் ஓடுகின்றன.

இவ்வளவு தெரிந்தவர், 1945 ஜூனில் ஒரு முக்கியமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். குண்டை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆலோசனை சொல்லும் நாலு விஞ்ஞானிகளில் இவரும் ஒருவர். நேரடியாகப் போரில் பயன்படுத்துவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்று அந்தக் குழு எழுதிக் கொடுத்தது. ஆகஸ்ட் 6-இல் ஹிரோஷிமா. 9-இல் நாகசாகி. அந்த வருஷக் கடைசிக்குள் இரண்டு ஊரிலும் இறந்தவர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர். வெப்பத்தில் கருகியவர்கள், இடிபாட்டில் நசுங்கியவர்கள், காயமே இல்லாமல் முடி கொட்டி, ரத்தம் கசிந்து, கதிர்வீச்சால் செத்தவர்கள். இதை எந்தக் காகிதத் துண்டு அளக்கும்?

1949-இல் ஹைட்ரஜன் குண்டு செய்யலாமா என்று அமெரிக்க அரசு கேட்டது. இந்த முறை ஃபெர்மி, ராபி என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, அப்படிப்பட்ட ஆயுதம் எந்த விதத்தில் பார்த்தாலும் தீமையானது என்று எழுதிக் கொடுத்தார். அரசு கேட்கவில்லை. 1950-இல் அந்தக் குண்டுக்கான கணக்குகளில் அவரும் உதவினார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரிய மனிதர் வாழ்க்கையிலும் இப்படி முடிச்சுகள் உண்டு.

கடைசிக் காலத்தில் பாடம் நடத்துவதும் ஆராய்ச்சியுமாகச் சிகாகோவில் இருந்தார். நம்ம சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகரோடு சேர்ந்து 1953-இல் விண்வெளிக் காந்தப்புலம் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். 1954 நவம்பர் 28-இல் வயிற்றுப் புற்றுநோயால் மறைந்தார். வயது 53-தான். 100-ஆம் எண் தனிமத்துக்கு ஃபெர்மியம் என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

நண்பர்களே, நாம் நோபல் பரிசு வாங்குவோமோ மாட்டோமோ, டிப்ளமோ முடித்ததும் ஏதோ ஒரு ஃபேக்டரியிலோ சைட்டிலோ டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடத்தான் போகிறோம். ரீடிங் சரியா என்று பார்ப்பது நம் தொழில். அந்த ரீடிங்குக்குப் பின்னால் நிற்கிற மனுஷன் யார், அவனுக்கு என்ன ஆகும் என்று கேட்பதும் நம் தொழில்தான். ஃபெர்மி அதை 1949-இல் கேட்டார். நாம் கையெழுத்துப் போடும் முன்பே கேட்போம்!