வாய்க்குக் காவல் வைத்த ஜார்ஜ் முல்லர்



ஜார்ஜ் முல்லர் 1805-ல் பிரஷ்யா தேசத்தில் பிறந்தார். வாலிபத்தில் அவர் வாயைத் திறந்தாலே பொய்தான்! விடுதியில் தங்கிவிட்டுப் பணம் கொடுக்காமல் ஏமாற்றி, 16 வயதிலேயே ஜெயிலுக்குப் போனார். அப்புறமும் திருந்தவில்லை. தன் பெட்டிப் பூட்டைத் தானே உடைத்து, பணம் திருடு போச்சு என்று சொல்லி, நண்பர்களிடம் காசு வாங்கினார்.

1825-ல் ஹாலே பட்டணத்தில், ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் கர்த்தர் அவரைச் சந்தித்தார். 1836-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பட்டணத்தில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் ஆரம்பித்தார். தேவைகளை மனுஷரிடம் சொல்லவே மாட்டார். கர்த்தரிடம் மட்டுமே சொல்லுவார். 1841 டிசம்பரில் பயங்கரப் பண நெருக்கடி. வருடாந்தர அறிக்கை வாசித்தால் ஜனங்களிடம் கேட்டதுபோல் ஆகிவிடுமே என்று, அந்தக் கூட்டத்தையே சில மாதம் தள்ளிவைத்தார்.

பொய் பேசின வாய்க்கு இந்தக் காவல் எப்படி வந்தது? முன்பெல்லாம் காலையில் எழுந்ததும் நேரே ஜெபிப்பார். மனசு எங்கெங்கோ ஓடும். அதே 1841-ல் ஒரு காரியம் கற்றுக்கொண்டார். முதலில் வேதத்தைத் திறந்து, உள்ளம் கர்த்தருக்குள் களிகூரும்வரை தியானித்தார். ஜெபம் தானாகப் பொங்கி வந்தது.

1898-ல் 92 வயதில் அவர் மகிமைக்குள் பிரவேசித்தார். அதற்குள் 10,000-க்கும் அதிகமான பிள்ளைகள் அந்த இல்லங்களில் போஷிக்கப்பட்டிருந்தார்கள்.

தேவபிள்ளையே, வாயை மட்டும் கட்டினால் எத்தனை நாள் நிற்கும்? காலையில் உள்ளம் நிரம்பட்டும், வாய் அடங்கும். நாளைக்கே ஆரம்பியுங்கள். கர்த்தர்தாமே உதவி செய்வாராக. ஆமென்!