அமெலியா இயர்ஹார்ட்: குரல் கேட்டும் ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை?

1897-ல் அமெரிக்காவின் கான்சாஸில் பிறந்தவர் அமெலியா இயர்ஹார்ட். 1932-ல் அட்லாண்டிக் கடலைத் தனியாக விமானத்தில் கடந்த முதல் பெண். அடுத்த ஆசை, உலகைச் சுற்றுவது. 1937 ஜூனில் கராச்சி, கொல்கத்தா வழியாக, கொட்டும் மழைக்காலத்தில் நம்ம நாட்டைத் தாண்டித்தான் போனார்.

ஜூலை 2. நியூ கினியாவின் லே நகரில் இருந்து வழிகாட்டி ஃபிரெட் நூனனுடன் கிளம்பினார். இலக்கு, பசிபிக்கில் புள்ளி மாதிரி இருக்கும் ஹவுலாந்து தீவு. அங்கே காத்திருந்த இட்டாஸ்கா கப்பலில் அவர் குரல் ரொம்பத் தெளிவாகக் கேட்டது. எரிபொருள் குறைகிறது என்றும் தெரிந்தது. எந்தத் திசையில் இருந்து பேசுகிறார் என்பதுதான் கடைசி வரை பிடிபடவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தேடினார்கள். கிடைக்கவில்லை. 1939-ல் இறந்ததாக அறிவித்தார்கள்.

இன்று அந்த வேலையைச் செய்வது கையடக்க சாட்டிலைட் அபாயக் கருவி. பெரம்பலூர் பச்சைமலையில் ட்ரெக்கிங் போனவர் வழி தவறி, செல்போன் டவரும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பட்டனை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் செயற்கைக்கோள் வழியாக பெங்களூரு இஸ்ரோ மையத்துக்குப் போகும். இருக்கும் இடமும் தெரிந்துவிடும். கருவியை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். மெசேஜ் அனுப்பும் வெளிநாட்டு சாட்டிலைட் கருவி என்றால், தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் கொண்டுவருவது சட்டச் சிக்கல்.