சுப்பாராவ் திறந்த வழி

கோயில்களாலும் பட்டாலும் புகழ்பெற்ற காஞ்சிபுரத்தை அடுத்துள்ள காரைப்பேட்டையில், புற்றுநோயால் 1969இல் மறைந்த பேரறிஞர் அண்ணாவின் பெயரைத் தாங்கிய அரசு புற்றுநோய் மருத்துவமனை அமைந்துள்ளது. இத்தகைய மருத்துவமனைகளில் குழந்தைகளின் குருதிப்புற்றுக்கு வழங்கப்படும் மருந்துகளுள் ஒன்று மெத்தோட்ரெக்சேட். அம்மருந்தின் வரலாறு, சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவின் வாழ்வோடு பிணைந்தது.

இளமையும் கல்வியும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிக்குலேசன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை வென்றார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். விடுதலை உணர்வால் உந்தப்பெற்று, அறுவைக் கூடத்திலும் கதராடையையே உடுத்தினார். அது அவருடைய ஆங்கிலேயப் பேராசிரியருக்குச் சினமூட்டியது. உயர்பட்டத்திற்கு மாறாக அதனினும் குறைந்த பட்டமே அவருக்குக் கிடைத்தது.

ஸ்புரூ என்னும் குடல்நோய் அவருடைய உடன்பிறந்தார் இருவரின் உயிரைப் பறித்தது. மருந்தில்லா நோய்களுக்கு மருந்து காண வேண்டும் என்னும் வேட்கை அத்துயரில் வேரூன்றியது. மாமனாரின் பொருளுதவியோடு கடல் கடந்து, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை அடைந்தார். இரவில் மருத்துவமனையில் எளிய பணி செய்துகொண்டே பயின்றார்.

ஆய்வுக்கூடத்தில்

சைரஸ் ஃபிஸ்கேயுடன் இணைந்து, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். தசையின் ஆற்றலுக்கு அடிப்படையான வேதிப்பொருள்களையும் இருவரும் கண்டறிந்தனர். எனினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பேராசிரியர் பணி கிட்டவில்லை. 1940இல் லெடர்லி மருந்து ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கு அவர் வழிநடத்திய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினர். ஸ்புரூ நோயாளிகளுக்கு அது நலம் தந்தது. தம் உடன்பிறந்தாரை இழந்த நோய்க்கு அவர் தேடிய விடை, காலம் கடந்தேனும் கைகூடியது. யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின் மருந்தும் அவர் தலைமையின்கீழ் உருவானதே.

மருந்தும் எதிர்ப்பும்

பாஸ்டன் நகரக் குழந்தை நோய்க்குறியியல் மருத்துவர் சிட்னி ஃபார்பர், லெடர்லி அனுப்பிய ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் குருதிப்புற்று நோயாளிகளுக்குக் கொடுத்தார். நோய் தணியாது விரைந்து பெருகுவதாக அவருக்குத் தோன்றியது. ஃபோலிக் அமிலம் புற்றணுக்களை வளர்க்குமாயின், அதனைத் தடுப்பது அவற்றைப் பட்டினியிடும் அன்றோ? சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமிலத்தின் வடிவை ஒத்த, ஆனால் அதன் செயலைத் தடுக்கும் அமினோப்டெரினை உருவாக்கினர். பூட்டில் நுழைந்தும் அதனைத் திறவாது அடைத்துக்கொள்ளும் போலிச் சாவி போன்றது அது.

அம்மருந்து பெற்ற பதினாறு குழந்தைகளுள் பத்துப் பேரின் நோய் தணிந்ததை 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்டார். ஆனால், அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. சில திங்களில் நோய் மீண்டது. அப்போது அதே மருந்து பயனற்றுப் போனது. அவ்வாண்டு ஆகஸ்டில் தம் 53ஆம் வயதில் சுப்பாராவ் காலமானார். தாம் திறந்த வழியில் எழுந்த தடையைத் தகர்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

புற்றணுக்கள் மருந்தை எவ்வாறு வெல்கின்றன? கோடிக்கணக்கான அணுக்களுள் சில, பிறவற்றினின்று மரபணுவில் வேறுபட்டிருக்கும். மருந்து மற்றவற்றை அழிக்க, அவை மட்டும் தப்பிப் பெருகும். சில அணுக்கள் மருந்து உட்புகும் வாயிலைக் குறைத்துக்கொள்கின்றன. சிலவற்றில், மருந்து பற்ற வேண்டிய நொதியின் வடிவமே மாறிவிடுகிறது. மூன்றாவது வழியை 1978இல் ராபர்ட் ஷிம்கியின் குழுவினர் கண்டனர். மெத்தோட்ரெக்சேட்டை எதிர்த்து வாழ்ந்த எலியின் உயிரணுக்களில், அம்மருந்து தடுக்கும் நொதிக்குரிய மரபணு பல படிகளாகப் பெருகியிருந்தது. நொதி மிகுந்ததால், மருந்தின் அளவு போதாதாயிற்று.

புதிய இலக்குகள்

ஒரு மருந்திலிருந்து தப்பும் அணு, வெவ்வேறு வகையில் தாக்கும் பல மருந்துகளிலிருந்து ஒருங்கே தப்புவது அரிது. பல இழைகளை முறுக்கி வலிமை சேர்க்கும் பட்டுநூல் போல, 1960களில் மருத்துவர்கள் பல மருந்துகளை இணைத்து வழங்கினர். மெத்தோட்ரெக்சேட் அவற்றுள் ஓர் இழையாயிற்று. அன்று சில திங்களில் உயிர்குடித்த குழந்தைக் குருதிப்புற்றிலிருந்து, இன்று முழுமையான சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மீள்கின்றனர்.

வளரும் அணுக்கள் அனைத்தையும் தாக்காமல், புற்றணுவின் தனிப் பிழையையே இலக்காகக் கொள்ளும் மருந்துகளும் வந்தன. நாள்பட்ட மைலாய்டு குருதிப்புற்றைத் தூண்டும் மாறுபட்ட புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப், 2001இல் ஒப்புதல் பெற்றது. அப்புரதம் வடிவம் மாறி இமாட்டினிப்பை எதிர்த்தபோது, மாறிய வடிவையும் பற்றும் அடுத்த தலைமுறை மருந்துகள் உருவாக்கப்பட்டன. மருந்து எங்கே தோற்கிறதோ, அங்கேயே அடுத்த இலக்கு புலப்படுகிறது.

சுப்பாராவ் பெரும்புகழைத் தேடவில்லை. நோபல் பரிசும் பெறவில்லை. ஆயினும், அவர் குழுவினர் அளித்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் உலக நலவாழ்வு அமைப்பின் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் உள்ளது. தனித்து நின்று தோற்ற அம்மருந்து, பிற மருந்துகளோடு சேர்ந்து குழந்தைகளின் உயிரைக் காத்து வருகிறது.