தேசிக்காய்த் தோலின் மருந்தும் அல்பர்ட் சென்ட்-ஜோர்ஜியும்

திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து 1795 ஆகஸ்டில் பிரித்தானியர் கைப்பற்றியபோது, கடற்படைப் பிரிவை நடத்தி வந்த ரெய்னியரின் கப்பல் சஃபோக் ஆகும். அதற்கு முந்தைய ஆண்டில் இக்கப்பல் இங்கிலாந்திலிருந்து 23 வாரங்கள் எங்கும் தரிக்காது சென்னையை அடைந்திருந்தது. முரசு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் அதன் மாலுமிகளை வீழ்த்தாமைக்கு, நாள்தோறும் வழங்கப்பட்ட எலுமிச்சைச் சாறே காரணம்.

ஆயினும் அச்சாற்றிலுள்ள பொருள் யாதென்பதை உலகம் அறிய மேலும் 137 ஆண்டுகள் சென்றன. அதனைக் கண்டறிந்தோருள் முதன்மையானவர் ஹங்கேரிய விஞ்ஞானி அல்பர்ட் சென்ட்-ஜோர்ஜி.

1893 இல் புடாபெஸ்டில் பிறந்த அவர், முதலாம் உலகப் போரில் மருத்துவப் படையாளாகப் பணியாற்றியபின் ஆய்வுத்துறைக்குத் திரும்பினார். 1920களின் பிற்பகுதியில் மாட்டின் சிறுநீரகமேற் சுரப்பி, தோடம்பழம், கோவா ஆகியவற்றிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அதற்கு முதலில் 'எனக்குத் தெரியாது' என்று பொருள்படும் வேடிக்கைப் பெயரைச் சூட்ட, ஆய்விதழின் ஆசிரியர் ஏற்க மறுத்துவிட்டார். பின்னர் அமெரிக்காவின் கொல்களங்களில் பெற்ற சுரப்பிகளைக் கொண்டு நெடுநாள் உழைத்தும் சில பத்துக் கிராம்களே கிடைத்தன. 1932 இல் அதுவே விற்றமின் சீ என நிறுவப்பட்டது. தமது செகெட் நகரில் மலிந்திருந்த குடைமிளகாய் இனத்திலிருந்து கிலோகிராம் கணக்கில் அதனை எடுத்தபோதுதான் அவரது தட்டுப்பாடு தீர்ந்தது. 1937 இல் நோபல் பரிசு கிட்டியது.

ஆனால் நமது கவனத்திற்குரியது 1936 ஆம் ஆண்டின் வேறொரு பணியாகும். நுண்குருதிக் குழாய்கள் கசியும் நோயாளர் சிலருக்குத் தூய விற்றமின் பயன்தரவில்லை. தூய்மையாக்கப்படாத சாறோ பயன்தந்தது. எனவே எலுமிச்சையிலிருந்து சிற்றின் என்னும் கலவையைப் பிரித்த அவரும் ருஸ்னியாக்கும் அதனை விற்றமின் பீ என அழைத்தனர். அது விற்றமின் அன்று எனப் பின்னர் தெரியவந்து அப்பெயர் கைவிடப்பட்டது. எனினும் அதன் முக்கிய கூறான ஹெஸ்பெரிடின் வீணாகவில்லை. அதிலிருந்து செய்யப்படும் டயோஸ்மின், நாளநோய்க்கும் மூலநோய்க்கும் பல நாடுகளில் மருந்தாக வழங்கப்படுகின்றது.

நாஜிகளை எதிர்த்து 1943 இல் இரகசியமாக இஸ்தான்புல் சென்று நேசநாடுகளுடன் பேசிய துணிச்சலும் அவருக்கிருந்தது. ஹிட்லரின் சினத்திற்கு ஆளாகித் தலைமறைவாக வாழ்ந்தார். 1947 இல் அமெரிக்காவில் குடியேறி, 1986 இல் அங்கேயே காலமானார்.

ஹெஸ்பெரிடின் சாற்றைவிடத் தோலிலும் அதன் வெண்சதையிலுமே மிகுதி. சாறு பிழிந்தபின் தோடம்பழத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி எஞ்சுகின்றது. தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து வடித்து, வடிநீரில் அமிலம் சேர்த்தால் ஹெஸ்பெரிடின் படிவாக இறங்கும். மருந்துத் தரத்திற்கு அதனைத் தூய்மையாக்குவதற்கே ஆய்வுகூடம் தேவை. நோன்பு திறக்கும் வேளைக்காகவும் கோடை வெயிலுக்காகவும் துறைமுகப் பகுதி வீடுகளில் பிழியப்படும் தேசிக்காயின் தோல் நேரே குப்பைக்குச் செல்கின்றது.