மலையடிவாரத்திற்கு வந்த மாணவர்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலையின் சோளக்காட்டிற்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. எவ்வளவு அவசரம் இருந்தாலும் அங்கே பேருந்து மெதுவாகத்தான் ஏறும். வளைவுகளை எண்ணிக்கொண்டே செல்லும் நாம், சோளக்காட்டில் இறங்கும்போது நம் அவசரத்தையும் பாதி இறக்கி வைத்திருப்போம்.

அந்த மலையின் அடிவாரத்தில் இருக்கிறது சேந்தமங்கலம். 1623-ஆம் ஆண்டு அங்கு ஒரு துறவி வந்தார். தத்துவ போதகர் என்று நாம் அழைக்கும் இயேசு சபைக் குரு இராபர்ட் தே நோபிலி அவர். சேந்தமங்கலத்தை ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை அன்போடு வரவேற்றார். அங்கிருந்து அவர் சேலம் சென்றார். இன்றைய சேலம் மறைமாவட்டப் பகுதியில் நற்செய்தி அறிவிக்கப்பட்ட தொடக்க நாட்கள் அவை.

அந்தப் பயணத்திற்கு அவரை ஆயத்தப்படுத்தியவை மதுரையில் அவர் மாணவராக வாழ்ந்த ஆண்டுகள். 1577-இல் இத்தாலியில் உயர்குடியில் பிறந்தவர் நோபிலி. நேப்பிள்சிலும் உரோமையிலும் கல்வி கற்றவர். 1605-இல் கோவாவிலும், 1606-இல் மதுரையிலும் வந்து சேர்ந்தார். அவருக்கு முன்பே அங்கு பல ஆண்டுகள் உழைத்த குருவின் பணி, மதுரை மக்களிடையே பலன் தரவில்லை. இளங்குருவான நோபிலி காரணத்தைச் சிந்தித்தார். மக்களின் மொழியையும் வாழ்க்கையையும் அறியாமல் அவர்களின் உள்ளத்தை அடைய முடியாது என்று உணர்ந்தார். போதிக்க வந்தவர் மீண்டும் மாணவரானார்.

அந்தப் படிப்பு எளிதாக இருக்கவில்லை. காவி உடுத்தி, மண் குடிசையில் தங்கி, நாளுக்கு ஒருவேளை சோறும் காய்கறியும் பாலும் மட்டும் உண்டு வாழ்ந்தார். அதிகம் வெளியே செல்லாமல் செபத்திலும் படிப்பிலும் நாட்களைக் கழித்தார். அவருடன் பல நாட்கள் விவாதித்த பள்ளி ஆசிரியர் ஒருவரே அவரிடம் முதலில் திருமுழுக்குப் பெற்றார். தமிழுக்குப் பின் தெலுங்கு. அதன்பின் சிவதர்மர் என்ற தெலுங்கு அந்தணர் அவருக்குச் சமஸ்கிருதம் கற்பித்தார். அந்நியருக்கு வேதங்களைக் கற்பிப்பதில் அந்த ஆசிரியருக்கும் ஆபத்து இருந்தது.

எதிர்ப்பு திருச்சபைக்குள்ளிருந்தே வந்தது. அவருடைய முறை சரியா என்று பல ஆண்டுகள் விசாரித்தார்கள். நோபிலி கீழ்ப்படிந்து காத்திருந்தார். 1623 ஜனவரியில் திருத்தந்தை 15-ஆம் கிரகோரியார் அவர் முறைக்கு இசைவு அளித்தார். அதே ஆண்டில்தான் அவர் சேந்தமங்கலம் நோக்கிப் புறப்பட்டார்.

அவரிடம் குறையே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். சாதி வேறுபாட்டைச் சமூக வழக்கமாகக் கருதி அவர் ஏற்றுக்கொண்டார். அந்தக் காயம் நம் திருச்சபையில் இன்னும் ஆறவில்லை. அவரிடம் கற்கும்போது இதையும் நேர்மையோடு நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

முதிர்ந்த வயதில் பார்வை மங்கிய நிலையில் மயிலாப்பூரில் வாழ்ந்து, 1656 ஜனவரி 16-இல் இறைவனடி சேர்ந்தார். ஞானோபதேசம் போன்ற அவருடைய நூல்கள் தமிழ் உரைநடைக்குக் கிடைத்த கொடை.

இன்று நம் பங்குகளிலிருந்து பிள்ளைகள் மேற்படிப்புக்காக வெளிநாடு செல்கிறார்கள். ஜெர்மனி போன்ற நாடுகளில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும், தெருக்கள் அமைதியாக இருக்கும். போன புதிதில் நாள் நகரவே இல்லை என்று அவர்கள் வீட்டிற்கு அழைத்துச் சொல்வார்கள். அவர்களுக்கு நாம் என்ன சொல்வோம்? அந்த மெதுவான நாட்கள் வீணானவை அல்ல என்று சொல்வோம். மதுரைக் குடிசையில் நோபிலிக்கும் நாட்கள் அப்படித்தான் நகர்ந்தன. அக்கம்பக்கத்தாரின் மொழியைக் கற்கவும், அவர்கள் உணவைச் சுவைக்கவும், தனிமையில் செபிக்கவும் இறைவன் தரும் நேரம் அது.

நம் ஆண்டவரும் நாசரேத்தில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மறைந்து வாழ்ந்த பிறகே போதிக்கத் தொடங்கினார். பேசுவதற்கு முன் கற்றுக்கொள்ளும் பொறுமையை நமக்கும், தொலைவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள அவரிடம் மன்றாடுவோம்.